டிஸ்மிஸ் ஆர்டர் வந்த பிறகு ராஜினாமா கேட்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். தம்பி ஓரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருடமாக மெஷின் ஆபரேட்டர், நிரந்தரத் தொழிலாளி. நைட் ஷிப்டில் தூங்கினார், எழுப்பிய சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று சார்ஜ் ஷீட். சஸ்பென்ஷன், என்கொயரி, போன மாதம் டிஸ்மிஸ். இப்போது எச்.ஆர். கூப்பிட்டு, "ராஜினாமா எழுதிக் கொடு, ஏதாவது பார்த்துச் செய்கிறோம். கோர்ட்டுக்குப் போனால் கிராஜுவிட்டிகூட வராது" என்கிறார். அக்கா கேட்கிறார்: வழக்குப் போட்டால் ஜெயிக்குமா, இல்லை கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதா?

முதலில் அந்த ராஜினாமாக் கடிதம். இப்போதைக்கு எழுத வேண்டாம். டிஸ்மிஸ் ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் ராஜினாமாவும் கேட்கிறார்கள் என்றால், அந்த ஆர்டர் கோர்ட்டில் நிற்குமா என்ற சந்தேகம் அவர்களுக்கே இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நீக்கப்பட்டவருக்குச் சட்டத்தில் வழி உண்டு. தானாக விட்டுப் போனவருக்கு இல்லை. "மிரட்டி எழுதி வாங்கினார்கள்" என்று பின்னால் சொல்லலாம்தான், ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் முழுதும் உங்கள் தம்பி தலையில் விழும்.

கிராஜுவிட்டி வராது என்பதும் மிரட்டல்தான். ஐந்து வருடம் முடித்த நிரந்தரத் தொழிலாளி எப்படி வெளியே போனாலும் கிராஜுவிட்டி உண்டு. அதைப் பிடித்து வைக்கச் சட்டம் சொல்லும் காரணங்கள் மிகக் குறைவு. கம்பெனிச் சொத்துக்கு நஷ்டம் செய்திருந்தால் அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். கலவரம், ஒழுங்கீனமான நடத்தை, வன்முறை, அல்லது வேலையின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றுக்காக நீக்கியிருந்தால் முழுவதையோ ஒரு பகுதியையோ நிறுத்தலாம். தூங்கியது இதில் எதிலும் சேராது. திட்டியதை "ஒழுங்கீனமான நடத்தை" என்று இழுத்துப் பார்ப்பார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அதற்கென்று தனியாக ஆர்டர் போட வேண்டும். எச்.ஆர். ரூமில் வாயால் சொன்னால் ஆயிற்றா? அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி 9 வருடத்துக்குப் போட்டால் கிட்டத்தட்ட 77,885 ரூபாய். இது அவருடைய பணம். பி.எஃப். பணத்தை யாரும் தொடவே முடியாது. "ஏதாவது பார்த்துச் செய்கிறோம்" என்று எச்.ஆர். சொல்வதில் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டினால், அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள்.

சரி, ஜெயிக்குமா? இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் "உண்மையிலேயே தூங்கினாரா?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "என்கொயரி நடவடிக்கைக் குறிப்பு கையில் இருக்கிறதா?" என்றுதான் கேட்பேன். தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு எண் விழும்போது பாதி வழக்கு முடிந்திருக்கும். அந்தப் பாதி கம்பெனி டிரெய்னிங் ஹாலிலோ கான்ஃபரன்ஸ் ரூமிலோ, ஒரு என்கொயரி ஆபீசர், ஒரு டைப்பிஸ்ட், ஒரு மேஜை, நாலு நாற்காலிக்கு நடுவில் நடந்து முடிந்துவிட்டது. நடந்தது என்ன என்பதைவிட அங்கே எழுதப்பட்டது என்ன என்பதுதான் பின்னால் பேசும்.

அது ஏன் என்று புரிய கொஞ்சம் பழைய கதை. 1958-இல் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை போட்டது: நிர்வாகம் விசாரணை வைத்து ஒருவரை நீக்கினால் தீர்ப்பாயம் அதன்மேல் அப்பீல் கோர்ட் மாதிரி உட்காரக் கூடாது. நல்லெண்ணம் இல்லை, பழிவாங்கல், இயற்கை நீதி மீறல், ஆதாரமே இல்லாத முடிவு என்றால் மட்டும்தான் தலையிடலாம். தண்டனை அதிகமா குறைவா என்பதெல்லாம் முதலாளி பாடு. 1971 டிசம்பர் 15 முதல் தொழில் தகராறுகள் சட்டத்தில் 11-ஏ என்ற பிரிவு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சாட்சியத்தைத் தானே மறுபடி எடைபோடவும், தண்டனை அதிகம் என்று தோன்றினால் குறைக்கவும், வேலையைத் திருப்பித் தரவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் அந்த எடைபோடல் வழக்கின் ஆவணங்களை வைத்துத்தான். உங்கள் தம்பி என்கொயரியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஆவணத்தில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்.

என்கொயரி என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1963-இல் சுர் எனாமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எளிமையாகச் சொல்லியிருக்கிறது. குற்றச்சாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாட்சிகளைத் தொழிலாளி முன்னால் வைத்து விசாரிக்க வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். அவர் பக்கத்து சாட்சிகளையும் கேட்க வேண்டும். கடைசியில் காரணங்களோடு அறிக்கை எழுத வேண்டும். அதே வருடம் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில் சாட்சியே இல்லாமல் தொழிலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி மட்டும் கேட்டு விசாரணையை முடித்திருந்தார்கள். குற்றச்சாட்டு என்ன என்று தெரிந்தால் போதாது, அதற்கு ஆதாரமான சாட்சியமும் அவருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி அந்த விசாரணையை ஒதுக்கினார்கள். 1993-இல் ஈ.சி.ஐ.எல். - கருணாகர் வழக்குக்குப் பிறகு இன்னொன்றும் கட்டாயம்: தண்டனை போடுவதற்கு முன் என்கொயரி அறிக்கையின் நகலைக் கொடுத்து அதன்மேல் விளக்கம் கேட்க வேண்டும்.

இனி உங்கள் தம்பியிடம் இருக்கும் என்கொயரிக் காகிதக் கட்டை எடுத்துப் பாருங்கள். சார்ஜ் ஷீட்டில் தேதி, நேரம், மெஷின் நம்பர், திட்டியதாகச் சொல்லும் வார்த்தைகள் இருக்கின்றனவா? "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று மட்டும் போட்டிருந்தால் அது ஓர் ஓட்டை. எந்த வார்த்தை என்று தெரியாமல் எதை மறுப்பது? கம்பெனிகள் கூச்சப்பட்டு அந்த வார்த்தையை எழுதாமல் விடுவது வாடிக்கை, அது தொழிலாளிக்கு நல்லது.

அடுத்து நடவடிக்கைக் குறிப்பு. இதைத்தான் நான் நேரம் எடுத்து வரிவரியாகப் படிப்பேன். பெரும்பாலான கட்டுகளில் ஒரே காட்சிதான். சூப்பர்வைசரின் வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம், சீராக டைப் செய்திருக்கும். கீழே ஒரு வரி: "குறுக்கு விசாரணை: ஏதும் இல்லை." அதற்குக் கீழே தொழிலாளியின் கையெழுத்து. ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தால், "அவர் பொய் சொல்றார்னு நான் சொன்னேன் சார், அதை எழுதல" என்பார். எழுதவில்லை என்றால் அங்கேயே, கையெழுத்துக்கு மேலே, "நான் சொன்னது பதிவு செய்யப்படவில்லை" என்று பேனாவால் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி பின்னால் பெரிய பலம். எழுத விடவில்லை என்றால் அன்று மாலையே என்கொயரி ஆபீசருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். உங்கள் தம்பி இதில் எதையாவது செய்திருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுங்கள்.

குறுக்கு விசாரணை செய்ய வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. நான் கையாண்ட ஒரு கட்டில், கிட்டத்தட்ட இதே குற்றச்சாட்டு. பிரஸ் ஷாப்பில் இரவு 2.10 முதல் 2.50 வரை ஆபரேட்டர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினார் என்று சூப்பர்வைசர் சாட்சி. செல்போனில் எடுத்த போட்டோவும் உண்டு, தலை குனிந்த மாதிரி. அந்த ஆபரேட்டருக்குத் துணையாக வந்திருந்தவர் அதே லைனில் வேலை பார்க்கும் இன்னொரு தொழிலாளி. அவர் கேட்டது ஐந்தே கேள்வி. அந்த நேரத்தில் மெஷின் ஓடியதா? ஓடியது. பீஸ் போடுவது கையாலா, தானாகவா? கையால். மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது யார்? நான்தான். இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை எத்தனை என்று போட்டிருக்கிறீர்கள்? 62. அதற்கு முந்தைய மணியில்? 61. அவ்வளவுதான். என்கொயரி ஆபீசர் இதைப் பதிவு செய்தார். ஆனால் அறிக்கையில் அந்த ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் "போட்டோ மூலம் நிரூபணமானது" என்று முடித்துவிட்டார். தொழிலாளர் நீதிமன்றத்தில் எங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆவணத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் எடுத்த முடிவு நிற்காது என்று தீர்ப்பாயிற்று. ஆகவே தம்பியிடம் கேளுங்கள்: அன்று ராத்திரி உற்பத்தி எவ்வளவு, ஷீட் யாரிடம், பக்கத்து மெஷினில் யார் இருந்தார்கள்?

என்கொயரிக்குப் போகவே இல்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். "அவங்க ஆளே நீதிபதி, போய் என்ன பிரயோஜனம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிர்வாகம் காசு கொடுத்து அமர்த்திய வக்கீல் என்பதால் மட்டுமே என்கொயரி ஆபீசர் ஒருதலைப்பட்சம் ஆகிவிட மாட்டார் என்று 1964-லேயே சரண் மோட்டார்ஸ் வழக்கில் சொல்லியாயிற்று. நோட்டீஸ் வந்தும் போகாமல் இருந்தால் விசாரணையை ஒருதலையாக முடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்புறம் நீதிமன்றத்தில் "எனக்கு வாய்ப்புத் தரவில்லை" என்ற வாதமே போய்விடும். நீங்களாக வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாகக் கிடையாது. ஆனால் நிர்வாகத் தரப்பில் சட்டம் படித்த ஆளை உட்கார வைத்திருந்தால் தொழிலாளியும் வக்கீல் கேட்கலாம் என்பது 1983-இன் பம்பாய் துறைமுக வழக்கு. கேட்டு மறுத்தார்களா என்றும் பாருங்கள்.

சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியம் ஒழுங்காக வந்ததா? தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-இல் ஒரு சட்டம் வந்தது. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, 180 நாள்வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். புதிய மத்தியச் சட்டத் தொகுப்பில் முதல் 90 நாளுக்குப் பாதி, அதற்கு மேல் முக்கால், விசாரணையையும் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. பணம் தராமலே விசாரணை நடத்தி, பஸ் செலவுக்குக்கூட வழியில்லாமல் தொழிலாளி வர முடியாமல் போயிருந்தால் அந்த விசாரணையே அடிபட்டுப்போகும். 1999-இல் பால் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அவர் கோலார் தங்கவயலில், பாரத் கோல்டு மைன்ஸில் பாதுகாப்பு அதிகாரி.

இதுவரை படித்ததும் "என்கொயரியில் ஓட்டை இருக்கிறது, ஜெயித்துவிட்டோம்" என்று தோன்றும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விசாரணை முறையாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் முதல் கட்டமாக முடிவு செய்தாலும், நிர்வாகம் அதே குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். 1973-இல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் இதைத் தெளிவுபடுத்திவிட்டார்கள். அந்த வாய்ப்பை முன்கூட்டியே, பொதுவாகப் பதிலுரையிலேயே, கேட்டு வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே கட்டுப்பாடு, பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் அதை மறப்பதில்லை. ஆகவே விசாரணையில் ஓட்டை இருப்பது உங்கள் தம்பிக்குச் சாதகமான தொடக்கம் மட்டுமே. ஆனால் அந்த நேரத்துக்குள் அந்த சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம், போட்டோ எடுத்த செல்போன் இல்லாமல் போயிருக்கலாம். காலம் போகப் போக நிர்வாகத்துக்கும் சிரமம்தான்.

நிரூபணத்தின் அளவும் கிரிமினல் கோர்ட் மாதிரி இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி என்ற பேச்சு இங்கே கிடையாது, நடந்திருக்கக்கூடும் என்று நியாயமாக நம்ப ஆதாரம் இருந்தால் போதும். ஹரியானா பஸ் கண்டக்டர் ரத்தன் சிங் வழக்கில், டிக்கெட் இல்லாமல் வந்ததாகச் சொல்லப்பட்ட பயணிகளில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை. பரவாயில்லை, செக்கிங் இன்ஸ்பெக்டரின் சாட்சியம் போதும் என்று 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யரே எழுதினார். தொழிலாளர் பக்கம் சாய்வதற்குப் பேர்போனவர் அவர்!

இனி தண்டனை. உங்கள் தம்பி விஷயத்தில் உண்மையான பலம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் தூங்கியதும் திட்டியதும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடத்தில் முதல் தடவைக்கு வேலையையே பறிக்கலாமா?

தூங்கிய வழக்கென்றால் எல்லா நிர்வாகமும் காட்டுவது பாரத் ஃபோர்ஜ் தீர்ப்பு, 2005. புனே கம்பெனியில் தூங்கியதற்காக நீக்கப்பட்டவரின் டிஸ்மிஸலை உச்ச நீதிமன்றம் சரி என்றது. அவர்கள் சொல்லாமல் விடும் விஷயம், அது நான்காவது தடவை. முந்தைய மூன்று தடவையும் சின்னத் தண்டனையோடு விட்டிருந்தார்கள். திட்டிய வழக்கென்றால் அதே 2005-இல் மஹிந்திரா - நரவாடே தீர்ப்பைக் காட்டுவார்கள். மேலதிகாரியைப் படுமோசமாகத் திட்டியவரை நீக்கியது சரி என்று அதில் முடிந்தது. எதிர்ப்பக்கமும் தீர்ப்புகள் உண்டு. 1982-இல் ரமா காந்த் மிஸ்ரா வழக்கில் 14 வருடம் களங்கமில்லாமல் வேலை பார்த்தவர் ஒரு தடவை மிரட்டும் தோரணையில் பேசிவிட்டார். அதற்கு டிஸ்மிஸ் அதிகம் என்று இரண்டு இன்கிரிமென்ட்டை மட்டும் நிறுத்தி வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1984-இல் டெல்டன் கேபிள் வழக்கும் அப்படித்தான். கேட்டில் நின்ற செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர் கெட்ட வார்த்தையில் பேசினார் என்று நீக்கியது அதிர்ச்சி தரும் அளவுக்கு அதிகமான தண்டனை என்றார்கள். ஆனால் பணம் கையாடல் என்றால் கதையே வேறு. 2001-இல் ஹுல்லிக்கட்டி வழக்கில் கர்நாடக பஸ் கண்டக்டர் பயணிகளிடம் தலைக்கு 50 பைசா கூடுதலாக வாங்கியிருந்தார். தொகை சிறிது என்பது அங்கே எடுபடவில்லை. நம்பிக்கை உடைந்ததா என்றுதான் பார்த்தார்கள்.

ஆகவே உங்கள் தம்பியின் பழைய ரெக்கார்டு என்ன? மெமோ எத்தனை, எச்சரிக்கைக் கடிதம் ஏதாவது? டிஸ்மிஸ் ஆர்டரில் "முந்தைய பதிவுகளையும் பரிசீலித்து" என்று ஒரு வரி அனேகமாக இருக்கும். அந்தப் பதிவுகளை முன்பே அவருக்குச் சொல்லி விளக்கம் கேட்டார்களா? கேட்காமல் அதைத் தண்டனைக்குக் காரணம் காட்டக் கூடாது என்பது 1964 முதல் இருக்கும் சட்டம். எழுப்பும்போது சூப்பர்வைசர் என்ன செய்தார் என்பதும் முக்கியம். காலால் உதைத்து எழுப்பியிருந்தால் பதிலுக்கு வந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம்.

வழி என்ன என்று பார்ப்போம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மேலே சொன்ன தொழில் தகராறுகள் சட்டத்தின் (1947) இடத்தில் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. நம் ஊரில் எல்லோரும் சொல்லும் "2-ஏ மனு", அதாவது சங்கத்தின் தயவில்லாமல் தனி ஆளாகவே பணிநீக்கத்தை எதிர்த்துப் போவது, இதிலும் உண்டு. முதலில் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனு. 11-ஏ அதிகாரமும் புதிய எண்ணோடு, 50-ஆம் பிரிவாக, இருக்கிறது. மாறியது கெடு. முன்பு மூன்று வருடம் இருந்தது, இப்போது சமரசத்துக்கே இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சமரசம் முறிந்தது என்ற அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். "அப்பீல் போட்டிருக்கிறோம், எம்.டி. பார்த்துச் சொல்றார்னாங்க" என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அப்பீல் அது பாட்டுக்கு இருக்கட்டும், மனுவை இந்த மாதமே போடுங்கள்.

உங்கள் தம்பி ஆபரேட்டர் என்பதால் "தொழிலாளி"தான், அதில் சண்டை வராது. டீம் லீடர், எக்ஸிகியூட்டிவ் என்ற பட்டத்தோடு இருப்பவர்களுக்குத்தான் முதல் சண்டையே அங்கே தொடங்கும். பட்டத்தைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். மேலே சொன்ன செக்யூரிட்டி இன்ஸ்பெக்டரையும் தொழிலாளி என்றே சொன்னார்கள். ஆசிரியர்கள் வரமாட்டார்கள். கடை, தனியார் ஆபீஸ் ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் தனியாக ஓர் அப்பீல் வழி உண்டு. அதற்குக் கெடு 30 நாள்தான் என்பதால் அவர்கள் இன்னும் வேகமாக ஓட வேண்டும்.

சமரச அலுவலகத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். அந்த அதிகாரிக்கு "வேலை கொடு" என்று உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. முதல் வாய்தாவுக்கு எச்.ஆர். அசிஸ்டென்ட் ஒருவர் வந்து கால அவகாசம் கேட்பார். இரண்டாவதில் நாலு பக்கப் பதில் கொடுப்பார்கள். 45 நாளில் அறிக்கை போக வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அந்தப் பதிலைக் கவனமாகப் படியுங்கள். நிர்வாகம் எதை நம்பி நிற்கிறது என்பது அதில் முதல் தடவையாக எழுத்தில் வரும். அதற்கு எழுத்திலேயே மறுப்புக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சங்கத்தில் விசாரியுங்கள்: டிஸ்மிஸ் செய்த நாளில் சம்பள ஒப்பந்தமோ போனஸோ, ஏதாவது தகராறு சமரசத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்ததா? இருந்து, அதில் சம்பந்தப்பட்ட தொழிலாளியாக உங்கள் தம்பியும் இருந்தால், நீக்கும்போதே ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த அதிகாரியிடம் ஒப்புதலுக்கும் மனுப் போட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யாத டிஸ்மிஸல் செல்லாது, வேலை போகவே இல்லை என்றுதான் அர்த்தம் என்று 2002-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஜெய்ப்பூர் நில வளர்ச்சி வங்கி வழக்கு அது. பழைய சட்டத்தில் 33(2)(பி), புதியதில் 90-ஆம் பிரிவு. நம் அரசு போக்குவரத்துக் கழகங்களின் டிரைவர், கண்டக்டர் வழக்குகளில் பாதிச் சண்டை இந்த ஒப்புதல் மனுவைச் சுற்றித்தான். தனியார் கம்பெனிகளில் இதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

ஜெயித்தால் என்ன வரும்? வேலை, பணித் தொடர்ச்சி, இடைக்காலச் சம்பளம். தவறாக நீக்கியது உறுதியானால் பழைய சம்பளம் முழுதும் தருவதே சாதாரண விதி என்று 2013-இல் தீபாலி சுர்வாசே வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குற்றம் உண்மை, தண்டனைதான் அதிகம் என்ற அடிப்படையில் ஜெயித்தால் சம்பளத்தில் பாதியோ கால்வாசியோ, சில நேரம் ஒன்றுமே இல்லாமல் வேலை மட்டுமோ கிடைக்கும். இடையில் வேறு வேலை கிடைக்கவில்லை என்பதை மனுவிலேயே எழுத வேண்டும், பொய்யாக எழுதக் கூடாது. பி.எஃப். கணக்கைப் பார்த்தால் எந்தக் கம்பெனியில் எந்த மாதம் இருந்தார் என்று நிர்வாகத்துக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூலி வேலை, ஆட்டோ ஓட்டுவது என்று பிழைப்புக்குச் செய்ததை ஒளிக்க வேண்டாம். வயிற்றுப்பாட்டுக்குச் செய்ததையும் நிரந்தர வேலையையும் நீதிமன்றம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், வேறு வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கேட்கலாம். அங்கே போகத்தான் போவார்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வருடக்கணக்கு என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அதனால்தான் செட்டில்மென்ட்டே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் தம்பிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது என்றால், கையில் தொழில் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் வேறு கம்பெனி கிடைக்கும். நாற்பதைத் தாண்டியவருக்கு அப்படி இல்லை, அவருக்கு வழக்குத்தான் சொத்து. பேசுவதென்றால் சமரச மனு போட்ட பிறகு பேசுங்கள், விலை தானாக ஏறும். கிராஜுவிட்டி, லீவு சம்பளம், பாக்கி பிழைப்பூதியம், போனஸ் இவற்றைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். அவை பேரத்தில் சேராது. அவற்றுக்கு மேல் என்ன தருகிறார்கள் என்பதுதான் செட்டில்மென்ட் தொகை. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று ஆரம்பிப்பார்கள். என்கொயரிக் கட்டு பலவீனமாக இருந்தால் அதற்கு இரண்டு மடங்குக்குக் கீழே நான் இறங்கமாட்டேன், ரெக்கார்டும் சுத்தமாக இருந்தால் இன்னும் மேலே. டிஸ்மிஸ் ஆர்டரை ரத்து செய்வதாகவும், சர்வீஸ் சர்ட்டிபிகேட்டில் ஒழுங்கு நடவடிக்கை பற்றி எதுவும் வராது என்றும் எழுத வேண்டும். கையெழுத்து சமரச அதிகாரி முன்னால், பணம் டி.டி.யாகவோ வங்கிக் கணக்கிலோ அதே நாளில்.

இப்போதைக்கு வேண்டியது: சார்ஜ் ஷீட், அதற்குக் கொடுத்த பதில், சஸ்பென்ஷன் ஆர்டர், என்கொயரி நோட்டீஸ்கள், நடவடிக்கைக் குறிப்பு, அறிக்கை, இரண்டாவது ஷோ காஸ் நோட்டீஸ் (அறிக்கையின்மேல் விளக்கம் கேட்டது), டிஸ்மிஸ் ஆர்டர், கடைசி ஆறு மாதச் சம்பள ஸ்லிப், கம்பெனி நிலையாணையின் (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) ஒரு பிரதி. இதில் எது இல்லையோ அதைக் கேட்டு நாளைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். எச்.ஆர். மறுபடி போன் செய்தால், சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொன்னால் போதும்.